பழனிக்கு நடக்கப் போகிறீர்களா? முதலில் பாதத்தைப் பாருங்கள்!

தை பிறந்து விட்டால் பழனிக்குப் போகும் ரோடுகளின் நிறமே மாறி விடும்.

பச்சை வேட்டி, மஞ்சள் சேலை, காவித் துண்டு. சிலர் தோளில் காவடி. சிலர் தலையில் சிறு மூட்டை. எல்லோர் வாயிலும் "அரோகரா!"

காரைக்குடிப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வரும். மதுரையிலிருந்து ஒரு கூட்டம். திருச்சி, கரூர், ஈரோடு, கோவை என்று நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் நடந்து வருவார்கள். தைப்பூசத்துக்குள் மலை ஏறிவிட வேண்டும் என்பதே எல்லோருக்கும் நினைப்பு.

இந்த வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டது அல்ல. செட்டிநாட்டு நகரத்தார்கள் பல தலைமுறைகளாகப் பழனிக்கு நடக்கிறார்கள். உப்பு வியாபாரத்துக்காகப் பழனிக்குப் போய் வந்த தங்கள் முன்னோர் தொடங்கி வைத்த நடை இது என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக அவர்களுடைய காவடிகள் போகும். காவடி செலுத்தியதும் அவர்கள் பஸ் ஏறி விடுவதில்லை. ஊருக்குத் திரும்புவதும் நடைதான்!

அவர்களுக்கு இது பழகிய பாதை. எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதெல்லாம் தாத்தா காலத்திலேயே முடிவாகி விட்ட விஷயம்.

ஆனால், இந்த ஆண்டுதான் முதன் முதலாக மாலை போடுகிறவர் என்ன செய்வார்?

வேண்டுதலும் உடம்பும்

வேண்டுதல் ஒரு நிமிஷத்தில் வந்து விடும்.

ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளே குழந்தைக்குக் காய்ச்சல். இரவு பன்னிரண்டு மணி. "முருகா, பிள்ளை பிழைத்து எழுந்தால் உன் மலைக்கு நடந்தே வருகிறேன்" என்று தாய் சொல்லி விடுகிறாள். பிள்ளை எழுந்து விடுகிறது. வேண்டுதலை நிறைவேற்ற வேண்டும்.

அவள் இதற்கு முன் நடந்த நடை என்ன? வீட்டிலிருந்து ரேஷன் கடை. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு. அவ்வளவுதான்.

காரைக்குடியிலிருந்து பழனி சுமார் 160 கிலோமீட்டர். அந்தக் காலக் கணக்கில் நூறு மைல். ஒருவர் காலை ஒரு தடவை எடுத்து வைத்தால் சுமார் இரண்டடி தூரம் நகர்வார். அப்படியானால் பழனி போய்ச் சேரச் சுமார் 2½ லட்சம் தடவை காலை எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் உடம்பின் கனம் முழுவதும் ஒரு பாதத்தில் இறங்கும்.

மனம் தயாராக ஒரு நிமிஷம் போதும். பாதம் தயாராக ஒன்றரை மாதம் வேண்டும். விரத காலத்தையே இதற்கும் பயன்படுத்தலாம். பலர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விரதம் இருக்கிறார்கள். அதிகாலையில் குளிக்கிறார்கள். பூஜை செய்கிறார்கள். கவிச்சியைத் தொடுவதில்லை. அதிகாலை எழுந்தவர் அப்படியே ரோட்டுக்கும் வந்து நடந்தால் என்ன?

முதல் வாரம் தினம் 3 கிலோமீட்டர் போதும். மூன்றாவது வாரம் அதை 6 ஆக்கலாம். ஐந்தாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 15 கிலோமீட்டர் நடந்து பார்க்க வேண்டும்.

அதோடு நின்று விடக்கூடாது. மறுநாள் திங்கட்கிழமையும் காலையில் எழுந்து நடக்க வேண்டும். இதுதான் முக்கியம். முதல் நாள் யாரும் நடந்து விடலாம். இரண்டாம் நாள் காலையில் பாயை விட்டு எழும்போதுதான் கெண்டைக்கால் பிடித்துக் கொள்ளும். மூட்டு மடங்க மறுக்கும். அந்த வலி எப்படி இருக்கும், எவ்வளவு நேரத்தில் தளரும் என்பதை வீட்டிலேயே தெரிந்து கொண்டவருக்கு நத்தத்தில் பயம் வராது.

புறப்படுவதற்கு முந்திய மூன்று நாட்கள் நடையைக் குறைத்து விட்டுக் காலுக்கு ஓய்வு கொடுப்பது நல்லது.

புதுச் செருப்பு வேண்டாம்

பழனிக்குப் போகிறோமே என்று சிலர் புதுச் செருப்பு வாங்குவார்கள். பொங்கலுக்கு எடுத்த புது வேட்டியோடு புதுச் செருப்பும் சேர்ந்து கொள்ளும். பத்தாவது கிலோமீட்டரில் குதிகால் தோல் உரிந்து போகும்.

மூன்று மாதமாவது காலில் கிடந்த செருப்பு வேண்டும். வார் எங்கே உராயும் என்பது காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கான்வாஸ் ஷூ போடுகிறவர்கள் பருத்தி நூல் சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்திருப்பது நல்லது. ஈரமான சாக்சோடு நடந்தால் தோல் ஊறிக் கொப்புளம் வரும்.

வெறுங்காலோடு வருகிறேன் என்று வேண்டிக் கொண்டவர்கள் பலர். அவர்கள் ஒன்றரை மாதமும் வெறுங்காலோடுதான் பழக வேண்டும். முதலில் மண் தரை. பிறகு ரோட்டு ஓரம். பிறகு தார் ரோடு. தை மாதப் பனியைப் பார்த்து ஏமாறக்கூடாது. பகல் பதினோரு மணிக்குமேல் தார் ரோடு தோசைக்கல்தான். அதனால்தான் பழகியவர்கள் அதிகாலை மூன்று மணிக்கே கிளம்பி, பத்து மணிக்குள் நிழலில் உட்கார்ந்து விடுகிறார்கள். வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி நடக்கிறார்கள்.

கால் நகங்களை ஒட்டக் கத்தரித்து விடுங்கள். ஓரத்தை வளைத்து வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும். பித்தவெடிப்பு இருந்தால் ஒரு மாதம் முன்பே கவனித்து ஆற்றிக் கொள்ள வேண்டும். கிளம்பும்போது பாதத்திலும் விரல் இடுக்கிலும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக் கொண்டால் உராய்வு குறையும்.

இன்னொரு இடத்திலும் தடவ வேண்டும். வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. தொடை இடுக்கு! வியர்வையில் ஊறிய துணி அங்கே உராய்ந்து உராய்ந்து புண்ணாகி விடும். கால் நன்றாக இருந்தும் இந்த ஒரு புண்ணாலேயே பாதியில் பஸ் ஏறியவர்கள் உண்டு.

சரி, கொப்புளம் வந்தே விட்டது. என்ன செய்வது? தோலை உரிக்கக் கூடாது. அந்தத் தோல்தான் உள்ளே இருக்கும் புண்ணுக்கு மூடி. சுத்தமான தண்ணீரில் கழுவி, துடைத்து, சுத்தமான துணியோ பிளாஸ்திரியோ போட்டு மூடி விட வேண்டும். சுற்றிலும் சிவந்து, சூடாகி, சீழ் பிடித்தால் வழியில் இருக்கும் மருத்துவ முகாமில் காட்ட வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் கவனிக்க!

இது கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

சர்க்கரை வியாதி பல ஆண்டுகள் இருந்தால் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்து போகும். முள் குத்தினாலும் தெரியாது. கல் கிழித்தாலும் தெரியாது. தார் சுட்டாலும் தெரியாது. "எனக்குக் கால் வலியே இல்லை, முருகன் அருள்!" என்று அவர் சந்தோஷமாக நடப்பார். மாலையில் பார்த்தால் பாதத்தின் அடியில் தோல் கழன்று கிடக்கும். அந்தப் புண் எளிதில் ஆறாது. விரலை எடுக்கும் நிலைக்குக் கூடக் கொண்டு போய் விடும்.

டாக்டரிடம் போனால் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களில் தொட்டுப் பார்ப்பார். "தெரிகிறதா?" என்று கேட்பார். இரண்டு நிமிஷ வேலை. உணர்ச்சி குறைவு என்று தெரிந்தால் அவர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சக்கரை வியாதிக்காரருக்கென்றே செய்த மெத்தென்ற செருப்பு உண்டு. அதைப் போட்டுப் பழகி, டாக்டர் சம்மதித்தால்தான் நடை. ஏற்கெனவே காலில் புண் இருந்தால் இந்த ஆண்டு வேண்டாம்.

விரதத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு நடக்கும்:

"அம்மா, காலையில் மாத்திரை போட்டீங்களா?"

"விரதத்தில மாத்திரை எதுக்குடா? ஒரு வேளைதான் சாப்பிடறேன். எல்லாம் முருகன் பாத்துக்குவான்."

"அப்படின்னா டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வந்து விரதத்தை ஆரம்பிங்கம்மா. நானும் கூட வர்றேன்."

மகன் சொல்வதுதான் சரி. மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறும். மாத்திரையைப் போட்டுக் கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். அதோடு தினம் 25 கிலோமீட்டர் நடையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். ஆகவே எந்த மாத்திரையை எவ்வளவு, எப்போது என்று டாக்டர் கையால் எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். இடுப்பில் ஒரு பொட்டலம் சர்க்கரையோ மிட்டாயோ எப்போதும் இருக்க வேண்டும். கூட வருகிறவர்களிடமும் "எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று சொல்லி வைக்க வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும் டாக்டரைப் பார்க்காமல் மாலை போட வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கையில் வலி, மூச்சு முட்டல் என்றால் "அடுத்த மடம் வரை நடந்து விடுவோம்" என்று நினைக்கக் கூடாது. அங்கேயே உட்கார வேண்டும். 108க்குப் போன் செய்ய வேண்டும். அந்த ஆம்புலன்சுக்குக் காசு கிடையாது.

தண்ணீர் குடிக்க ஏன் பயம்?

வழியெல்லாம் அன்னதானம். பந்தல் பந்தலாகப் பொங்கல், புளியோதரை, சுண்டல், மோர். "சாமி, சாப்பிட்டு விட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து அழைப்பார்கள். மறுக்க மனம் வராது. ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டு விட்டு யாராலும் நடக்க முடியாது. இலையில் பாதி போதும்.

சாப்பாட்டைவிடத் தண்ணீர் பெரிய விஷயம். அதிலும் பெண்களுக்கு.

பெண்கள் பலர் நடையின்போது தண்ணீரே குடிப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒதுங்க இடம் இல்லை. ரோட்டின் இரு பக்கமும் ஆண்கள் கூட்டம். "குடித்தால்தானே தொல்லை" என்று நாக்கை நனைத்துக் கொண்டு நடப்பார்கள். மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு, தலைவலி, மயக்கம். இது பக்திக் குறைவும் அல்ல, உடல் பலவீனமும் அல்ல. தண்ணீர்க் குறைவு.

இதற்கு வழி கூட்டத்தில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே குருசாமியிடம் பெண்கள் தைரியமாகப் பேச வேண்டும். எந்த மடத்தில், எந்தப் பெட்ரோல் பங்க்கில், எந்தக் கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கு வசதி உண்டு என்று கேட்டு, அந்த இடங்களைத்தான் நிற்கும் இடமாக வைக்கச் சொல்ல வேண்டும். ஆண்கள் இதைக் காதில் போட்டுக் கொள்ளாத கூட்டமானால் வேறு கூட்டத்தோடு போவது மேல். மாதவிலக்கு நாட்கள் குறுக்கிட்டால் என்ன செய்வது என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் பேசி முடிவு செய்து கொண்டு புறப்பட்டால் நடு வழியில் கலக்கம் இருக்காது.

மணிக்கு ஒரு தடவையாவது தண்ணீர் குடிக்க வேண்டும். வெயிலில் நிறைய வியர்த்தவர்கள் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வாங்கி வைத்துக் கொள்ளலாம். பெரிய பொட்டலம் ஒன்று முழுவதற்கும் ஒரு லிட்டர் தண்ணீர். அரை டம்ளரில் கரைத்துக் குடிக்கக் கூடாது. மோரில் உப்புப் போட்டுக் குடிப்பதும் நல்லதே.

பச்சை வேட்டி இருட்டில் தெரியாது!

ஆண்டுதோறும் தைப்பூச சமயத்தில் பாத யாத்திரை போகிறவர்கள் மீது வாகனம் மோதிய செய்தி பத்திரிகையில் வருகிறது. காயம் படுகிறவர் யாரோ ஒருவர் அல்ல. ஒரு வீட்டின் தகப்பனார். ஒரு வீட்டின் மகள்.

பச்சை வேட்டியும் காவித் துண்டும் பகலில் அழகு. இருட்டில் லாரி டிரைவருக்கு அவை கறுப்பாகத்தான் தெரியும். அதாவது, தெரியாது! வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கரைப் பையின் முதுகிலும், மார்புப் பக்கமும் ஒட்டிக் கொள்ள வேண்டும். போலீசாரும் வழியில் இதை ஒட்டி விடுகிறார்கள். அவர்கள் ஒட்டும் வரை காத்திருக்காமல் வீட்டிலேயே ஒட்டிக் கொண்டு கிளம்பினால் இன்னும் நல்லது. ஆளுக்கொரு டார்ச் லைட் வேண்டும்.

நடைபாதை போட்ட இடத்தில் அதிலேயே போக வேண்டும். அது இல்லாத இடத்தில் ரோட்டின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். அப்போதுதான் எதிரே வரும் வண்டி கண்ணில் படும். முதுகுக்குப் பின்னால் வரும் வண்டியை யார் பார்ப்பது? நாலு பேர் கை கோத்துக் கொண்டு பேசிக் கொண்டே போவது பகலில் கூட ஆபத்து. காதில் பாட்டுக் கருவியை மாட்டிக் கொண்டு நடக்கும் பிள்ளைகளுக்கு ஆரன் சத்தம் கேட்காது.

களைத்துப் போய் நிறுத்தி வைத்த லாரிக்கு அடியில் படுப்பவர்கள் இருக்கிறார்கள். ரோட்டின் வெள்ளைக் கோட்டிலேயே தலை வைத்துத் தூங்குபவர்களும் இருக்கிறார்கள். இந்த அஜாக்கிரதையை எந்தக் குருசாமியும் அனுமதிக்கக் கூடாது.

மூட்டையில் என்ன?

முதல் தடவை போகிறவரின் மூட்டையைத் தூக்கிப் பார்த்தால் குடும்பமே இடம் மாறுவது போல இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொன்றாகத் திணித்திருப்பார்கள். முறுக்கு டப்பா ஒன்று, போர்வை இரண்டு, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு சொம்பு!

மாற்று உடை இரண்டு, ஒரு மெல்லிய போர்வை, துண்டு, தண்ணீர் பாட்டில், மாத்திரை, பஞ்சு, பிளாஸ்திரி, எண்ணெய், டார்ச். இவ்வளவு போதும். ஊக்கும் முள்வாங்கியும் மறக்கக் கூடாது. ரோட்டோரம் முழுவதும் கருவேல முள். ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர், ஊர், வீட்டுப் போன் நம்பர், சாப்பிடும் மாத்திரையின் பெயர் ஆகியவற்றை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ள வேண்டும். பயிற்சி நடக்கும்போதே இந்த மூட்டையையும் தூக்கிக் கொண்டு நடந்து பார்த்தால், எது தேவை, எது தேவை இல்லை என்று தோளே சொல்லி விடும்.

இடும்பனும் இறக்கி வைத்தான்

கூட்டத்தோடு வேகமாக நடக்க முடியவில்லையே என்று புதியவர்கள் வெட்கப்படுவார்கள். இளைஞர்கள் விறுவிறு என்று போய் விடுவார்கள். அவர்களைத் துரத்திப் போய்த்தான் பலருக்கு முதல் நாளே கால் போகிறது. கூட்டத்தில் வயதான பாட்டி ஒருவர் இருந்தால் அவர் பின்னால் நடந்து பாருங்கள். மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான் போவார். ஆனால் நிற்க மாட்டார். எட்டு மணி நேரத்தில் அவர் 24 கிலோமீட்டர் கடந்திருப்பார். ஓடியவர்கள் திண்டுக்கல்லில் காலுக்குத் தைலம் தேய்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முடியாத நேரத்தில் நிற்பது தெய்வக் குற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். பழனிக் கதையை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்த இடும்பன், களைப்புத் தாங்காமல் பழனியில்தான் அவற்றை இறக்கி வைத்தான். முதல் காவடி தூக்கியவனே இளைப்பாறியவன்தான்! அவனுக்கு மலையேறும் வழியில் சந்நிதி இருக்கிறது. காவடியோடு வருகிறவர்கள் அவனை வணங்கி விட்டுத்தான் மேலே போகிறார்கள்.

வேண்டிக் கொள்ளும்போதே வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துப் போடுவதும் நல்லது. "நடந்து வருகிறேன்" என்றால் போதாதா? "வெறுங்காலோடு, மூன்றே நாளில், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல்" என்றெல்லாம் யார் கேட்டார்கள்?

மலையடியில்

ஒட்டன்சத்திரம் தாண்டினால் கால் தானாகவே வேகம் எடுக்கும். ஆயக்குடி வந்து விட்டால் பழனி வந்தது மாதிரிதான். அங்கே அவசரப்பட்டு ஓடி, மலையடியில் சுருண்டு விழுகிறவர்கள் உண்டு. மலைக்கு 693 படிகள் இருக்கின்றன என்பதை மறந்து விடக் கூடாது.

அடிவாரத்தில் இரண்டு மணி நேரமாவது காலை நீட்டி உட்கார வேண்டும். மூட்டு வலிக்கிறவர்கள் படியை விட்டு யானைப் பாதையில் ஏறலாம். சரிவு குறைவு. 1966-இல் வந்த விஞ்சு ரெயிலும், 2004-இல் வந்த ரோப் காரும் இருக்கின்றன. ஆனால் பூச சமயத்தில் அவற்றுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால் நடப்பதே மேல் என்று தோன்றும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். குழந்தைகளின் கையை விடக் கூடாது.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றியதும் எல்லாம் முடிந்து விட்டது என்று நினைத்து விடாதீர்கள். ஒரு வாரம் வரை தினமும் மாலையில் பாதத்தைக் கழுவி, அடியில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கண் பார்வை சரியில்லாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். ஒரு வாரத்தில் ஆறாத புண், ஒரு கால் மட்டும் வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது. சிறு கீறல் தெரிந்தாலும் அன்றே போக வேண்டும்.

பஞ்சாமிர்த டப்பாக்களை உறவினர் வீடுகளுக்குக் கொண்டு போய்க் கொடுக்கும் வேலையை மட்டும் பையன்களிடம் விட்டு விடுங்கள். அதற்கும் நடக்க வேண்டும் அல்லவா?